காதை அடைப்பதா, வலை கட்டுவதா, கரப்பானை ஒழிப்பதா?

தூக்கத்தில் காதுக்குள் பூச்சி போய்விடுமோ என்ற பயம் பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் வரும். ஒருமுறை பட்டவருக்கு வரும். அவர் அலறியதைப் பக்கத்துப் பாயில் படுத்துக் கேட்டவருக்கு வரும். மறுநாள் இரவு இருவரும் ஆளுக்கொரு உருண்டைப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு படுப்பார்கள். இருக்கிற வழிகளிலேயே பலன் குறைந்தது அதுதான். காதை அடைக்கலாம், படுக்கையை அடைக்கலாம், பூச்சியே வராமல் வீட்டைச் சரிசெய்யலாம். இந்த மூன்றில் எதற்குக் காசும் உழைப்பும் போடுவது என்பது வீட்டில் எந்தப் பூச்சி இருக்கிறது, எங்கே படுக்கிறோம், அந்த வீட்டில் நம் கை எவ்வளவு ஓடும் என்பதைப் பொறுத்தது.

முதலில் பூச்சி. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்து டைகர்பெர்க் மருத்துவமனையில், இரண்டு ஆண்டுகளில் நோயாளிகளின் காதிலிருந்து எடுத்த 24 உயிரிகளை அடையாளம் பார்த்தார்கள். பத்து, சின்னக் கரப்பான். எட்டு, ஈ. மிச்சத்தில் வண்டு, உண்ணி, சிதைந்துபோன ஒரு அந்துப்பூச்சி. அதே சின்னக் கரப்பான்தான் நம் ஊர் ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னாலும் மிக்ஸிக்கு அடியிலும் குடியிருப்பது. நீளம் 12 முதல் 16 மி.மீ., வெளிர் காபி நிறம், தலைக்குப் பின்னால் தோள்பட்டை போன்ற இடத்தில் இரண்டு கருங்கோடுகள். இறக்கை இருந்தும் பறக்காது. பாத்ரூம் ஜல்லடையிலிருந்து வரும் செந்நிறப் பெரிய கரப்பான் நாலு செ.மீ. வரை வளரும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அலறுவார்கள். ஆனால் பெரியவர்களின் காது ஓட்டை ஏறக்குறைய 7 மி.மீ. அகலம்தான். வளர்ந்த பெரிய கரப்பானுக்கு அது இறுக்கம், சின்னதற்கோ அளவெடுத்துத் தைத்த வீடு.

கரப்பானுக்கு முதுகும் வயிறும் ஒரேசமயம் எதிலாவது ஒட்டியிருக்க வேண்டும். அந்த இடுக்குதான் அதற்குப் பாதுகாப்பு. இரவில் இரை தேடி அலையும்போது வெதுவெதுப்பான, இருட்டான, ஈரப்பதமான ஓர் ஓட்டை தட்டுப்பட்டால் தலையை நுழைத்துப் பார்க்கும். உள்ளே போனபின் திரும்ப இடம் கிடையாது. முன்னேறப் பார்க்கும், முடியாமல் உதைக்கும். காதுக்குழாயின் உள்பக்க மூன்றில் இரண்டு பங்கு எலும்பின்மேல் போர்த்திய மிக மெல்லிய தோல். அந்த முள்கால்கள் அங்கே பட்டால் பெரிய ஆளும் அழுதுவிடுவார். யானைக் காதில் எறும்பு புகுந்த கதை சும்மா சொன்னதில்லை.

பூரான் போனால் மூளைக்கே போய்விடும் என்று பாட்டிமார் சொல்வது மட்டும் நடக்காது. குழாயின் நீளம் சுமார் 2.5 செ.மீ.; கடைசியில் செவிப்பறை சுவர் போல மூடியிருக்கிறது. ஆபத்து அந்தப் பறை கீறிப்போவதிலும், எடுக்கிறேன் என்று நாம் செய்யும் காரியத்திலும்தான் இருக்கிறது.

காதை அடைக்கும் வழிகள்

பஞ்சு. மலிவு, வீட்டிலேயே இருக்கும். தளர்வாக வைத்தால் நடுநிசிக்குள் தலையணையில் கிடக்கும். இறுக்கி வைத்தால் காலையில் வெளியே வருவது முக்கால்வாசிதான்; மிச்ச இழை குறும்பியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே தங்கும். நாலு நாள் தங்கினால் வியர்வையில் ஊறி அரிப்பு, நாற்றம், வீக்கம். பூச்சிக்குப் பயந்து வைத்த பஞ்சை எடுக்கவே டாக்டரிடம் போக வேண்டிவரும். வைத்தே ஆகவேண்டுமென்றால் பஞ்சை உருட்டாமல் நீளத் திரியாகத் திரித்து, ஒரு செ.மீ. வால் வெளியே தெரிய வைக்க வேண்டும்; மேல்முனையில் கொஞ்சம் வாசலின் தடவினால் இழை பிரியாது. ஓரிரவுக்கு மட்டும்.

ஸ்பாஞ்ச் இயர்பிளக். பஞ்சைவிடப் பல மடங்கு மேல், சரியாக வைத்தால். பெரும்பாலோர் அழுத்தித் தள்ளுவதோடு விட்டுவிடுகிறார்கள். கை கழுவி, பிளக்கை இரண்டு விரலுக்கு நடுவில் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த குழாய் நேராகும். அப்போது நுழைத்து, விரலால் 20 முதல் 30 நொடி பிடித்திருந்தால் விரிந்து நிற்கும். குழாயை முழுக்க அடைத்துவிடுவதால் எறும்புகூடப் போகாது. குறை என்னவென்றால் காது கேட்காது. கைக்குழந்தை உள்ள தாய், இரவில் கூப்பிடும் முதியவரைப் பார்த்துக்கொள்பவர், அலாரம் வைத்துப் பால் கறக்கப் போகிறவர் இவர்களுக்கு ஒத்துவராது. தினமும் வைத்தால் குறும்பி உள்ளே தள்ளப்பட்டுக் கெட்டியாகும். காதில் சீழ் வடிகிறவர்களும் சின்னப் பிள்ளைகளும் தொடவே கூடாது. ரயில், திருமண மண்டபம், கோயில் திருவிழாவுக்குப் போய்த் தங்கும் சத்திரம் போன்ற இரவுகளுக்கு இதைவிட வசதி வேறில்லை.

துண்டு, தலைப்பட்டை, குரங்குக் குல்லா. பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் காதுக்குள் எதையும் செருகாமல் காதை மூடும் வழி இது ஒன்றே. காதையும் நெற்றியையும் சுற்றி மெல்லிய பருத்தித் துண்டு ஒருசுற்று, முடிச்சு நெற்றியில். பின்னந்தலையில் முடிச்சுப் போட்டால் புரளும்போது குத்தும், அவிழ்த்துவிடுவீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தூங்கும்போது எதையும் தலையில் கட்ட வேண்டாம். முகத்தில் இறங்கினால் மூச்சுமுட்டும்.

காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு படுப்பதையும் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். எண்ணெய் அரை மணியில் தலையணைக்குப் போய்விடும், மிஞ்சுவது பிசுபிசுப்பு. மழைக்காலப் புழுக்கத்தில் அதில் பூஞ்சை வளர்ந்து காது அடைத்து அரிக்கும். அந்த அரிப்பே பூச்சி ஊர்வது போலவும் இருக்கும்! பட்ஸ் போட்டுத் தினம் குறும்பியைத் துடைத்தெடுப்பதும் அதே ரகம். அந்த ஒட்டும் மெழுகும் வாசலில் உள்ள ரோமமும்தான் சின்னப் பூச்சியை மடக்கும் முதல் காவல்.

படுக்கையை அடைக்கும் வழிகள்

கொசுவலைக்கு இந்த விஷயத்தில் உரிய மரியாதை கிடைப்பதில்லை. கொசுவுக்கென்று வாங்கியது ஈ, ஈசல், அந்துப்பூச்சி, வண்டு, கரப்பான், பூரான் எல்லாவற்றையும் சேர்த்துத் தடுக்கிறது. சதுர அங்குலத்துக்கு 156 கண் என்ற பின்னல் இருந்தால் கண்ணின் அகலம் இரண்டு மி.மீ.க்குள் இருக்கும், வளர்ந்த கரப்பான் நுழையாது. சித்தெறும்பு நுழையும். அதற்கு வலையைக் குறை சொல்லிப் பயனில்லை, வேறு வைத்தியம் இருக்கிறது.

வலையில் இரண்டு வகையை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். நாலு மூலையில் கயிறு கட்டும் பழைய வலை கட்டிலுக்குச் சரி. விளிம்பை மெத்தைக்கு அடியில் ஒரு சாண் உள்ளே செருகினால்தான் அடைப்பு. சும்மா தரையில் தொங்கவிட்டால் கொசு வராமல் இருக்கலாம், தரையில் ஊர்வது விளிம்புக்கு அடியில் தலைநீட்டும். பாயில் படுக்கிறவர்களுக்கு அடிப்பக்கமும் துணியுள்ள மடக்கு வலைதான் வேண்டும். குடை போல விரியும், ஜிப் போட்டது. பாயோ மெத்தையோ வலைக்குள்ளே இருக்க வேண்டும், வெளியே அல்ல. இது கெடும் இடம் ஜிப் முடியும் மூலை. அங்கே இரண்டு ஜிப்பும் சந்திக்காமல் ஒரு விரல் இடைவெளி விழும். வாங்கும்போதே இழுத்துப் பார்த்து, விழுந்தால் ஒரு துணி கிளிப் போட்டு வையுங்கள். வலையை விரித்தவுடன் படுத்துவிடாமல் உள்ளே ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். மடித்து அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்த வலைக்குள் கரப்பான் பகலெல்லாம் தூங்கியிருக்கும். அதோடு சேர்ந்து ஜிப் போட்டுக்கொண்டு படுப்பது மகா கொடுமை.

கட்டில் கால் நாலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பழைய வழி. எறும்புக்கு அருமையான தடை. கரப்பானுக்கு அரைகுறை: போர்வை ஒரு முனை தரையைத் தொட்டாலும், கட்டில் சுவரை ஒட்டியிருந்தாலும் அது அந்த வழியாக வந்துவிடும். சின்னக் கரப்பானுக்குக் கண்ணாடியிலேயே ஏறத் தெரியும், சுவர் எம்மாத்திரம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால்தான் கிண்ணத்துக்கு அர்த்தம். அதோடு, தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை கிண்ணத்தின் ஓரத்திலேயே ஒட்டியிருக்கும்.

ஃபேன் காற்று பறக்கும் பூச்சியைக் கலைக்கும், ஊர்வதை ஒன்றும் செய்யாது. கொசுவர்த்தியும் கொசுத் திரவமும் அப்படியே. பாச்சை உருண்டையைத் தலையணைக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே விடுங்கள். அந்த நாஃப்தலீன் ஆவி, பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டு விடும்.

பூச்சியையே ஒழிப்பது

செலவு செய்வதாக இருந்தால் இங்கே செய்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் வாங்குவது ஸ்ப்ரே, அதையும் அடிப்பது படுக்கப் போகும் நேரத்தில். பைரத்ராய்டு வகை ஸ்ப்ரே கரப்பானின் நரம்பைக் கிளறிவிடும். மறைவில் இருந்ததெல்லாம் வெறிபிடித்தாற்போல் வெளியே ஓடிவரும். பூச்சி ஒழிக்கும் கம்பெனிக்காரர்கள், கரப்பான் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே இந்தக் குணத்தைப் பயன்படுத்துவார்கள். இரவு பத்து மணிக்குச் சமையலறையில் அடித்துவிட்டுப் பக்கத்து அறையில் பாய் விரித்தால், வராத பூச்சியை நாமே விரட்டிப் படுக்கைக்கு அனுப்புகிறோம். சின்னக் கரப்பானில் இந்த மருந்துக்குப் பழகிப்போன வம்சங்கள் உலகம் முழுக்க உண்டு. மயங்கி விழுந்து அரை மணியில் எழுந்து போவது அதனால்தான். சாக்கட்டிக் கோடும் இதே வகை மருந்து. எறும்புச் சாரைக்குச் சுவரோரம் போடலாம். பாயைச் சுற்றிக் கோடு போட்டுக் குழந்தையைப் படுக்கவைப்பதில் நியாயமில்லை, காலையில் அது கையில் ஒட்டி வாய்க்குப் போகும்.

ஜெல் வேறு மாதிரி. ஃபிப்ரோனில் அல்லது இமிடாக்ளோபிரிட் கலந்த இனிப்புப் பசை. கரப்பான் தின்றுவிட்டு உடனே சாகாமல் கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். மிளகு அளவுப் புள்ளிகளாக, ஒரு சராசரிச் சமையலறைக்கு 15 முதல் 20 இடத்தில் வைத்தால் போதும்: கதவுக் கீல், ஃபிரிட்ஜ் மோட்டார் ஓரம், சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, கேஸ் அடுப்பின் கால், மிக்ஸி ஸ்விட்ச் போர்டு பக்கம். பெரிய திட்டாக அப்பினால் மேல்தோல் காய்ந்து வீணாகும். திறந்த சுவரில் வைத்தால் தூசி படியும். வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தாலோ ஃபினாயில் துடைத்தாலோ கரப்பான் அந்தப் பக்கமே வராது. ஜெல்லும் ஸ்ப்ரேயும் சேர்த்துப் போட்டுவிட்டு “ஜெல் வேலை செய்யவில்லை” என்று சொல்லும் வீடுகள்தான் அதிகம். ஓரிரு வாரத்தில் எண்ணிக்கை விழுவது கண்ணுக்குத் தெரியும். அதோடு விட்டுவிடக் கூடாது. பெண் கரப்பான் ஒரு உறையில் 30, 40 முட்டையைப் பொரியும் தறுவாய் வரை வாலில் சுமந்து திரியும். அந்தக் குஞ்சுகளுக்காக மூன்று, நான்கு வாரம் கழித்து இன்னொரு சுற்று வைக்க வேண்டும்.

போரிக் பவுடரை மைதா, சர்க்கரையோடு பிசைந்து உருட்டி வைக்கும் கைமருந்தும் பொய்யில்லை. மெதுவாக வேலை செய்யும், காசும் குறைவு. ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் இனிப்பு உருண்டை தரையில் கிடப்பது ஜெல் புள்ளியைவிடப் பயம். கேரம் போர்டில் தூவும் அந்த வெள்ளைப் பவுடரும் பெரும்பாலும் இதே போரிக்தான்; பிள்ளைகள் விளையாடும் பொருள்தானே என்று நம்பிவிட வேண்டாம்.

இவற்றில் எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கடையில் கிடைக்கும் ஒட்டு அட்டை மூன்று வாங்கி, ஒன்று சிங்க்குக்குக் கீழே, ஒன்று ஃபிரிட்ஜுக்குப் பின்னால், ஒன்று படுக்கைத் தலைமாட்டில் சுவரை ஒட்டி, மூன்று இரவு வைத்துப் பாருங்கள். தலைமாட்டு அட்டையில் கோடு போட்ட சின்னக் கரப்பான் ஒன்று ஒட்டியிருந்தாலும் ஜெல் வைத்தே ஆக வேண்டும், அதுவரை வலை. சமையலறை அட்டையில் மட்டும் என்றால் ஜெல், கூடவே படுக்கையறையில் தின்பதை நிறுத்துவது. மூன்றும் காலியென்றால் இரவு ஜல்லடைக்கு மூடி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எறும்பு மட்டும் ஒட்டியிருந்தால் காரணம் பெரும்பாலும் தலையணை ஓரத்துப் பிஸ்கட் தூள், குழந்தையின் வாயோரத்துப் பால், சிந்திய இருமல் மருந்து. ஈரத்துணியால் துடைத்து, உறையை மாற்றினால் தீரும்.

யாருக்கு எது

சொந்த வீடு, கட்டில் என்றால் ஜெல் முதலில், வலை இரண்டாவது. காதில் எதுவும் வேண்டாம். வாடகை வீட்டில் பக்கத்துப் போர்ஷனிலிருந்து கரப்பான் வந்துகொண்டே இருக்கும், ஜெல் மட்டும் ஜெயிக்காது. அங்கே வலைதான் நிரந்தரம், ஜெல் துணை. ஹாஸ்டல், பேச்சிலர் ரூம், கட்டுமானத் தகரக் கொட்டகை போன்ற இடங்களில் அடித்துணியுள்ள மடக்கு வலை ஒன்று மற்றெல்லாவற்றையும்விட மேல். ஒற்றை இரவுப் பயணத்துக்கு இயர்பிளக் அல்லது துண்டு. மழை பெய்து ஈசல் கிளம்பும் மாலையில் படுக்கையறை விளக்கை முன்கூட்டியே அணைத்துவிடுவது காசில்லாத வழி.

காதில் சீழ் வடியும் குழந்தையோ முதியவரோ இருந்தால் கணக்கே மாறும். அவர்களுக்குப் பகை ஈ. சீழ் வாடைக்கு வந்து முட்டையிட்டு, காதில் புழு வைக்கும். ஈ சுற்றுவது பகலில்தான், அதனால் மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். சீழ் நிற்க வைத்தியம் செய்யாமல் வலையை மட்டும் நம்பக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு உள்ளே போய்விட்டால்

இங்கேயும் வழிகள் பல, பெரும்பாலானவை தப்பு. அடிப்படை இதுதான்: உயிரோடு இருப்பதை எடுக்கக் கூடாது, முதலில் அதன் அசைவை நிறுத்த வேண்டும். எதனால் நிறுத்துவது என்பதில்தான் ஒப்பீடு.

உப்புத் தண்ணீர் நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது. பூச்சி உடம்பின்மேல் மெழுகுப் பூச்சு உண்டு, மூச்சு விடுவது பக்கவாட்டுத் துளைகளால். தண்ணீர் அந்த மெழுகில் ஒட்டாமல் உருண்டு நிற்கும், துளைக்குள் இறங்காது. கரப்பான் தண்ணீருக்குள் அரைமணி நேரம்கூட உயிரோடு இருக்கும். அதுவரை உள்ளே நீச்சலடித்து உதைப்பது யாருடைய செவிப்பறையை? எண்ணெய் அப்படியில்லை. மெழுகில் பரவி மூச்சுத் துளையை அடைக்கும், சில நிமிடத்தில் அசைவு அடங்கும். ஆகவே எண்ணெய்.

டார்ச் காட்டுவது எறும்புக்கும் அந்துப்பூச்சிக்கும் சிலசமயம் பலிக்கும், வெளிச்சம் நோக்கி வரலாம். கரப்பான் வெளிச்சத்தைக் கண்டால் ஓடும் சாதி. ஓட இருக்கும் ஒரே திசை உள்பக்கம். எதுவென்று தெரியாமல் டார்ச் அடிக்க வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்து இரைச்சல் போட்டு ஆளை மிரட்டும், கொல்லும் என்று நம்ப முடியாது. ஸ்பிரிட், சானிடைசர், செண்ட், மண்ணெண்ணெய், பூச்சி ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். கீறிய தோலில் பட்டால் எரியும் எரிச்சலுக்குப் பூச்சியே தேவலை. ஹேர்பின், பட்ஸ், தீக்குச்சி, கோழி இறகு எல்லாம் ஒரே கட்சி. 1858-இல் டாங்கனீக்கா ஏரிக்கரைக் கூடாரத்தில் ஜான் ஹானிங் ஸ்பீக் என்ற ஆங்கிலேயப் பயணியின் காதில் வண்டு புகுந்தது. உருக்கிய வெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், அடங்கவில்லை. பேனாக் கத்தி முனையால் குத்தினார். வண்டு செத்தது, காது சீழ்பிடித்து முகம் ஒருபக்கம் கோணியது. பிறகு மூக்கைச் சிந்தும்போதெல்லாம் காது விசிலடித்தது. வண்டின் துண்டுகள் மாதக்கணக்கில் குறும்பியோடு வந்துகொண்டிருந்தன.

எண்ணெய் விடுவதற்கு முன் இரண்டு கேள்வி. செவிப்பறையில் ஓட்டை, காதில் சீழ், ஆபரேஷன், டாக்டர் வைத்த குழாய் ஏதாவது உண்டா? உண்டென்றால் எந்தத் திரவமும் விடக்கூடாது, நேராக ஆஸ்பத்திரி. போனது பூச்சிதான் என்று நிச்சயமா? சின்னப் பிள்ளை விஷயத்தில் அது பட்டன் பேட்டரியாகவோ பயறாகவோ இருக்கலாம். ஈரம் பட்டால் பேட்டரி தோலை அரிக்கும், பயறு ஊதும். சந்தேகமென்றால் விட வேண்டாம்.

இரண்டும் தெளிவென்றால், தேங்காய் எண்ணெய் அல்லது பேபி ஆயில் ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 மி.லி. போதும். எண்ணெய்ப் பாட்டிலை வெந்நீரில் இரண்டு நிமிடம் நிறுத்தி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. சூடு தோலைப் பொசுக்கும். குளிர்ந்த எண்ணெய் தலைசுற்றி வாந்தி வரவைக்கும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அப்படி. அடுப்பில் காய்ச்சிய எண்ணெய் கிட்டவே வரக் கூடாது. பூச்சி உள்ள காது மேலே பார்க்க ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையணைமேல் பழைய துண்டு விரித்து, பெரியவருக்குக் காதுமடலை மேலும் பின்னும், குழந்தைக்குக் கீழும் பின்னும் இழுத்துப் பிடித்து, ஃபில்லராலோ ஊசி மாட்டாத சிரிஞ்சாலோ சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் காற்றுக் குமிழி அடைத்து எண்ணெய் உள்ளே இறங்காது. காதின் முன்பக்கக் குருத்தை மெல்ல இரண்டுமுறை அழுத்தினால் குமிழி வெளியேறும். முதல் அரை நிமிடம் உதைப்பு அதிகமாகும், அதைப் படுத்திருப்பவருக்கு முன்னமே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து ஓடுவார். ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து, சத்தம் நின்றபின், அந்தக் காது துண்டில் படும்படி திரும்பிப் படுக்கட்டும். சின்னப் பூச்சி எண்ணெயோடு வந்துவிடும். வராவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். தலையைத் தட்டுவது, குதிக்க வைப்பது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

செத்த பூச்சி காலை வரை காத்திருக்கும், காதைக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டினால் போதும். ரத்தம், தலைசுற்றல், திடீரெனக் கேட்காமல் போவது, எண்ணெய்க்குப் பிறகும் அடங்காத உதைப்பு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, இவற்றில் ஒன்று இருந்தால் இரவே போக வேண்டும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காது மைக்ராஸ்கோப் இருக்காது; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போவது அலைச்சலைக் குறைக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

உண்ணி மட்டும் இந்த முறைக்கு விலக்கு. ஆடு மாடு, நாய், காட்டோரம் புழங்குபவர்களின் காதில் ஏறும். இலங்கையில் இது டாக்டர்களுக்கு மிகப் பழகிய விஷயம். சத்தம் குறைவு, வலி அதிகம். வாயைத் தோலில் பதித்திருப்பதால் எண்ணெய்க்குக் கழலாது, இழுத்தால் வாய் உள்ளே ஒடிந்து தங்கும். அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

பூச்சியே இல்லாமல் படபடவென்று காதுக்குள் சிறகடிப்பதும் உண்டு. வலியில்லாமல், ஒரே தாளத்தில் சில நொடி அடித்து நின்று மறுபடி வந்தால், அது பெரும்பாலும் நடுக்காதுச் சின்னத் தசையின் துடிப்பு. உண்மைப் பூச்சி தாளம் தப்பித்தான் உதைக்கும். ஆனால் வலியில்லை என்பதற்காகவே பூச்சி இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. 2023-இல் தைவானில் 64 வயதுப் பெண் ஒருவர் நாலு நாள் காதில் சத்தம் கேட்டுப் போனார். உள்ளே ஒரு குட்டிச் சிலந்தியும் அது உரித்துப்போட்ட சட்டையும் இருந்தன. இரண்டு நாளில் நிற்காத சத்தத்தைக் காட்டிவிடுவதே சரி.

ஆஸ்பத்திரியில் எண்ணெய்க்குப் பதில் 2% லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து விடுவதும் உண்டு. பூச்சியின் நரம்பை மரக்கச் செய்யும், நம் வலியையும் கொஞ்சம் தணிக்கும். செவிப்பறை முழுசாக இருந்தால் மட்டும் விடுவார்கள், ஓட்டை வழியே இறங்கினால் மணிக்கணக்கில் தலை சுற்றும். இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை ஒன்று 1985-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் தானாக வாய்த்தது. ஒரு நோயாளிக்கு இரண்டு காதிலும் கரப்பான். ஒன்றில் மினரல் ஆயில், மற்றொன்றில் லிக்னோகெய்ன். எண்ணெய்க் கரப்பான் போராடிச் செத்தது, வழுவழுப்பில் அதை வெளியே எடுக்கத்தான் சிரமப்பட்டார்கள். மருந்துக் கரப்பான் தானே வெளியே பாய்ந்து தரையில் ஓடியது, ஓர் இளம் டாக்டர் மிதித்து வேலையை முடித்தார். வீட்டில் நமக்கு வாய்த்தது எண்ணெய்தான், வழுக்கினால் எடுப்பது டாக்டரின் கவலை.

எடுத்தபின் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். கால், மீசை எல்லாம் முழுசாக வந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஒரு முள்கால் தங்கினாலும் சீழ்பிடிக்கும். வீட்டில் ஏதாவது துண்டு வந்திருந்தால் சின்ன டப்பியில் எடுத்துப் போங்கள், சேர்த்துப் பார்க்க உதவும். அப்புறம், நியூ ஆர்லியன்ஸ் நோயாளியை நினைத்துக்கொண்டு, மற்றக் காதையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.